புளித்த பார்லிக் குழி

பார்லி ஈரமானால் புளிக்கும். இதைச் சொல்ல எனக்குப் படிப்பு வேண்டாம். நீங்கள் எந்த ராஜாவின் ஆள் என்று தெரியாது, உங்களை நம்பவும் இல்லை. கேட்டீர்கள், சொல்கிறேன்.

கத்தி கட்டிய தேர்கள் தடங்கலின்றி ஓட வேண்டும் என்று தாரியஸ் ராஜாவின் ஆட்கள் எங்கள் கௌகமேலாச் சமவெளியை மட்டம் செய்தார்கள். மேற்பார்வை பகதாதன் என்கிற பாரசீகன். என் வாய்க்காலையும் தூர்க்கச் சொன்னான்.

“ஐயா, அதத் தூத்தா தண்ணி என் தானியக் குழிக்குள்ள திரும்பிடும்” என்றேன்.

“தேர் ஓடணும் கிழவா. உன் பார்லியா வந்து சண்ட போடப்போவுது?” என்றான். கூலியாட்கள் சிரித்தார்கள்.

தண்ணீர் திரும்பியது. வருஷத்துச் சாப்பாடு குழிக்குள் ஊறிப் புளித்தது. அப்படிப்பட்ட குழியில் எங்கள் ஊரில் யாரும் சும்மா இறங்க மாட்டார்கள். விளக்கைக் கயிற்றில் கட்டி முதலில் இறக்குவோம். அணைந்தால் உள்ளே காற்று கெட்டுவிட்டது. இறங்கினவன் மூச்சு நின்றுவிடும்.

மக்கெதோனியாக்காரர்களோடு நடந்த போரில் ராஜா தோற்று ஓடினார். அன்று பகதாதன் தோளில் ரத்தத்தோடு என் வாசலில் நின்றான். கூட ராஜா படையில் இருந்த இரண்டு பாக்திரியக் குதிரைவீரர்கள். அவர்களை நான் முன்பின் பார்த்ததில்லை.

“பெரியவரே, மக்கெதோனியாக்காரனுங்க பின்னாடியே வர்றானுங்க. எங்கயாவது மறைச்சு வைங்க.”

குழியைக் காட்டினேன். விளக்கை இறக்கவில்லை.

ஏணியில் இறங்கும்போதே பாக்திரியன் ஒருவன் மூக்கைச் சுளித்தான். “கள்ளுக்கட வாடை அடிக்குதே பெருசு! எங்களுக்குன்னு ஊற வச்சியா?” நல்ல சிரிப்பு அவனுக்கு.

கல்லைத் தள்ளி மூடினேன். இடுக்கில் சேறு பூசினேன். துரத்தி வந்தவர்கள் என் கோழிகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். குழிக்குள் இருந்தவர்கள் கல்லைத் தட்டினார்கள். முதலில் கையால், பிறகு வாள்பிடியால்.

“அவனுங்க போயிட்டானுங்க. தொறந்து விடுங்க” என்றாள் என் மனைவி அஹாத்தி.

நான் கல்லின்மேல் உட்கார்ந்தேன்.

“அந்த ரெண்டு பேரு உங்கள என்ன செஞ்சாங்க?” என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் கனமான ஆள்.

தட்டுவது நின்றது. அதன் பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அவசரப்பட்டு வேலையைக் கெடுப்பவன் அல்ல நான்.

பகதாதனைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். மற்ற இருவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. குழிக்கு ஒரே வாய். அவனை உள்ளே வைத்துக்கொண்டு அவர்களுக்கு மட்டும் எப்படித் திறப்பது? அவனோடு வந்ததால் செத்தார்கள். அந்தப் பாவம் பகதாதனைச் சேரும்.