ஊருக்கு ஊர் வாஷிங்டன் ரோடு

நியூயார்க் போகும் ரயில். முன் சீட்டில் இரண்டு தமிழ்ப் பெண்கள் பேச ஆரம்பித்ததும் நான் புத்தகத்தைத் திறந்ததோடு சரி.

"ஊருக்கு ஊர் வாஷிங்டன் ரோடுன்னு பேர் வச்சா எப்படிப் பொண்ணு பாக்கப் போறது?"

"நம்ம ஊர்ல மட்டும்? எங்க பாத்தாலும் காந்தி ரோடுதானே!"

"அங்க யாரையாவது கேட்டுக்கலாம். இங்க என் பையன் ஜிபிஎஸ்ஸ நம்பி பக்கத்து ஊர் வாஷிங்டன் ரோட்டுக்கு டிரைவ் பண்ணிட்டான். அதே டோர் நம்பர். பூ, பழத் தட்டோட நிக்கறோம், ஒரு வெள்ளைக்கார அம்மா கதவத் திறக்கறாங்க."

"ஐயோ! கோவப்பட்டாங்களா?"

"சிரிச்சாங்க. போன வாரமும் இதே மாதிரி தட்டோட ஒரு ஃபேமிலி வந்து, நாங்க பாக்கப் போன அதே பொண்ணு வீட்டுக்கு வழி கேட்டாங்களாம்."

"பாவம், நல்ல மனுஷி."

"அவங்க நல்லவங்கதான். நாங்கதான் முதல் வரன்னு பொண்ணோட அம்மா சொல்லியிருந்தாங்களே!"