தலைவரின் கட்டுரையைத் திருப்பி அனுப்பிய அம்மையார்

வான் அளக்கும் வல்லுநர்களை வாய்மூடி உட்கார வைத்திருக்கும் பேராற்றல் படைத்த மன்றத் தலைவர் இங்கெபோர்க் அம்மையார் அவர்களே! தங்கள் நாட்டு ஏட்டைத் தங்கள் கையாலேயே மூடிவிட்டு, நம் பொது ஏட்டைத் தொட்டிலில் இட்ட முன்னோடிப் பெரியோர்களே! பிள்ளைக்குச் சோறூட்டிய கையோடு பிறருடைய பிழையையும் திருத்திக் கொடுத்த தாய்மார்களே! முதல் வரிசையில் ஊன்றுகோலைப் பிடித்தபடி இப்போதே என்னை முறைக்கத் தொடங்கிவிட்ட முன்னாள் தலைவர் ட்ரோஸ்டே அவர்களே! இன்று புதிய ஆசிரியராகப் பொறுப்பேற்கும் ஹெட்விக் அவர்களே! எல்லாவற்றுக்கும் மேலாக, நம் ஏட்டால் நிராகரிக்கப்பட்டவர்களே, அதாவது இந்த அரங்கின் அசைக்க முடியாத பெரும்பான்மையோரே! உங்கள் அனைவரையும் பெல்ஜியத்துக்காரனாகிய இந்த லீவென் வணங்குகிறேன்.

நம் வானியல் ஏட்டின் வரலாற்றைப் பேசச் சொன்னார்கள். சுருக்கமாகப் பேசச் சொன்னார்கள். இரண்டில் ஒன்றைத்தான் என்னால் செய்ய முடியும்.

அன்று எப்படி இருந்தோம்? நாட்டுக்கு ஒரு ஏடு, ஏட்டுக்கு ஒரு மொழி, மொழிக்கு ஒரு மிடுக்கு! பிரெஞ்சுக்காரர் எழுதினார், பிரெஞ்சுக்காரர் படித்தார். ஜெர்மானியர் எழுதினார், அச்சுக் கோத்தவர் மட்டும் படித்தார். பாரிசில் கண்ட விண்மீனை மறு ஆண்டு ஹாம்பர்க்கில் புதிதாய்க் கண்டு விருந்து வைத்தார்கள். எங்கள் பெல்ஜியத்தில்? ஒரே ஏட்டை இரண்டு மொழிகளில் போட்டு, இரு தரப்பும் ஒற்றுமையாகப் படிக்காமல் இருந்தோம். சிரிக்காதீர்கள், அது எங்கள் நாட்டின் அரிய ஒற்றுமைகளில் ஒன்று.

பிறகு ஒன்று சேர்ந்தோம். சேர விரும்பும் நாடு தன் ஏட்டை மூட வேண்டும் என்றார்கள். மூடினோம். நாட்டுக்கு ஒரு வாக்கு என்றார்கள். ஒப்பினோம். செலவைப் பார்ப்பது ஆட்சிக்குழு, ஆசிரியரை நியமிப்பது ஆட்சிக்குழு. ஆனால் எந்தக் கட்டுரையை ஏற்பது, எதை மறுப்பது என்பதில் ஆட்சிக்குழு மூக்கை நுழைக்கக் கூடாது என்றார்கள். கை தட்டினோம். அடுத்தவர் மூக்கைத்தானே சொல்கிறார்கள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம்.

அப்படியே நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ட்ரோஸ்டே தலைவராக இருந்த காலத்தில், அவரே ஒரு கட்டுரை அனுப்பும் வரை!

என்ன கட்டுரை? மங்கலான ஒரு விண்மீனைச் சுற்றி வாயு வளையம் ஒன்றைக் கண்டுவிட்டார். வளையமா அது? வாழ்நாள் கனவு! வரைபடம் என்ன, வருணனை என்ன, வானமே வளைந்து வணக்கம் சொன்னது போல் எழுதியிருந்தார். என்ன ட்ரோஸ்டே, கையை ஆட்டுகிறீர்கள்? மிகைப்படுத்துகிறேனா? எந்த வரி மிகை என்று எழுதி அனுப்புங்கள், மதிப்பீட்டாளருக்கு அனுப்பி வைக்கிறேன்.

அப்போது நம் ஆசிரியர் சொலாஞ் மெர்வில் அம்மையார். பேனாவை ஊசி போல் பிடிப்பார். குத்தினால் வலிக்கும், ஆனால் கிழிசல் தைக்கப்பட்டிருக்கும். அவர் வழக்கப்படி, கட்டுரையைச் சரிபார்த்துச் சொல்லும், பெயர் வெளியிடாத ஒரு மதிப்பீட்டாளருக்கு அனுப்பினார். பதில் வந்தது. "இது வளையமல்ல. தொலைநோக்கிக்குள்ளேயே ஒளி பட்டுத் தெறித்த பிம்பம். கருவியைத் திருப்பிப் பாருங்கள், வளையமும் கூடத் திரும்பும்." கட்டுரை தலைவருக்கே திரும்பிப் போனது.

மறுநாள் தொலைபேசி அலறியது. அந்த உரையாடலைச் சொலாஞ் எனக்கு நடித்தே காட்டியிருக்கிறார்.

"என்னம்மா இது? யார் கட்டுரைன்னு பாத்தீங்களா இல்லையா?"

"பாத்தேன் ஐயா. இப்போ நீங்க தலைவரா பேசுறீங்களா, கட்டுரை எழுதினவரா பேசுறீங்களா?"

"ரெண்டு பேருமாத்தான் பேசுறேன்!"

"அப்போ தலைவரை ஃபோன வைக்கச் சொல்லுங்க. எழுதினவர் மட்டும் பேசட்டும்."

ஐயகோ! தலைவரும் வைத்தார், எழுதினவரும் வைத்தார். வைத்த வேகத்தில் தொலைபேசி உடைந்தது என்று கேள்வி.

அடுத்த ஆட்சிக்குழுக் கூட்டம் டச்சு மண்ணில், இதே கிரோனிங்கன் நகரில். பட்டாணிச் சூப்பு குடித்த கையோடு உட்கார்ந்தோம். விருந்தோம்பலில் இவ்வூரார் எப்படி என்று உங்களுக்கே தெரியும். காப்பி வரும், தகர டப்பா வரும், ஆளுக்கு ஒரு பிஸ்கட் எடுத்ததும் மூடி 'டப்'பென்று விழும். இங்கேயே பெண் எடுத்து இத்தனை காலம் குடித்தனம் நடத்தியும் இரண்டாவது பிஸ்கட்டை நான் கண்டதில்லை. முறைக்காதீர்கள், டச்சு நண்பர்களே, என் மாமியார் வீட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அன்றைய பொருள்: ஆசிரியரின் பதவிக்காலத்தை நீட்டிப்பது. வழக்கமாக ஒரு வாய் காப்பிக்குள் முடிகிற காரியம். தலைவர் தொண்டையைச் செருமினார். "புது ரத்தம் வேணும்னு தோணுது," என்றார். எங்கள் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. சொலாஞ் வெளியே நடைக்கூடத்தில் உட்கார்ந்திருந்தார். வானாய்வு நிலைய வேலையை விட்டுவிட்டு இதற்கு வந்தவர் அவர். இங்கே கதவு மூடினால் அங்கே கதவு திறக்காது.

வாக்கெடுத்தோம். டென்மார்க், நெதர்லாந்து, நான் அவர் பக்கம். ஜெர்மனியும் சுவீடனும் எதிர்ப் பக்கம். எதிர்ப் பக்கத்தில் மூன்றாவதாக உயர்ந்தது யார் கை? பிரான்சின் மொர்வான்!

"என்ன மொர்வான், சொந்த நாட்டுக்காரிக்கே எதிரா கை தூக்குறீரே!" என்றேன்.

"சொந்த நாட்டுக்காரிங்கறதாலதான்யா! ஒரே ஊர்க்காரன்னு கூடப் பாக்காம என் கட்டுரையத் திருப்பி அனுப்பினாங்களே!"

"எனக்கும்தான் ரெண்டு தடவை அனுப்பினாங்க. நான் அவங்களுக்காகக் கை தூக்கலையா?"

"உமக்குப் பழகிப்போச்சு. எனக்குப் பழகலை!"

மூன்றுக்கு மூன்று. சமமானால் தலைவர் வாக்கே தீர்ப்பு. ஒரு பெண்ணின் பிழைப்பும் ஓர் ஏட்டின் பெயரும் அந்த ஒரு மனிதரின் நாக்கு நுனியில் நின்றன. ட்ரோஸ்டே அம்மையாரை உள்ளே அழைத்தார்.

"ஒரே ஒரு கேள்வி. அந்த மதிப்பீட்டாளர் யாரு? பேரைச் சொல்லுங்க. என் வாக்கு உங்களுக்குத்தான்."

எனக்குள் சொல்லிவிடு தாயே என்று ஒரு மனம், சொல்லிவிடாதே தாயே என்று ஒரு மனம்.

சொலாஞ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "ஐயா, இதுவரைக்கும் உங்க கட்டுரை எத்தனையோ வந்திருக்கு. அதையெல்லாம் நல்லா இருக்குன்னு எழுதினது யாருன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா? அவங்க பேரையும் நான் சொல்லல, இவங்க பேரையும் சொல்ல மாட்டேன். இன்னிக்கு ஒரு பேரை வித்துட்டா, நாளைக்கு உங்களைப் பத்தி உண்மைய எழுத எவன் வருவான்? நான் ஊருக்குக் கிளம்புறேன். ரயிலுக்கு நேரமாச்சு."

அவர் கதவு வரை போய்விட்டார். அப்போது ட்ரோஸ்டே, யாரையும் பாராமல், மேசையைப் பார்த்துச் சொன்னார்: "நான் கருவியத் திருப்பிப் பாத்தேன்."

கதவில் கை வைத்த சொலாஞ் திரும்பிப் பார்த்தார்.

"போன வாரமே திருப்பிப் பாத்தேன். வளையமும் கூடவே திரும்பிச்சு." பிறகு சட்டென்று எரிந்து விழுந்தார். "என்னய்யா எல்லாரும் என் வாயையே பாக்குறீங்க? என் வாக்கு அந்தம்மாவுக்குத்தான். எழுதிக்குங்க!"

எழுந்தார். தகர டப்பாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். கதவருகே போய்ச் சொலாஞ்சிடம் நீட்டினார். கிரோனிங்கன் வரலாற்றில், அன்பர்களே, இரண்டாவது பிஸ்கட் வழங்கப்பட்ட அந்த நிகழ்வை நான் என் கண்ணால் கண்டேன்! எங்கள் டச்சு உறுப்பினர் மட்டும் டப்பாவையே கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது கேட்கிறேன். இந்த ஏடு யாருடையது? பணம் தரும் நாடுகளுடையதா? பக்கம் நிரப்பும் நம்முடையதா? தலைவருடையதா? தலைவரிடமே "இல்லை" என்று சொல்ல ஒருவர் இருந்தாரே, அதனால்தான் இது நம் எல்லோருடையதும் ஆனது! அவர் "இல்லை" என்றது உண்மையாக இருந்ததால்தான், அவர் "ஆம்" என்றதை நாம் ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தோம். பொய் வளையங்கள் எப்படித் தோன்றுகின்றன என்று ட்ரோஸ்டே பிறகு எழுதிய கட்டுரையைத்தான் இன்றும் மாணவர்கள் புரட்டுகிறார்கள். அதன் கடைசி வரி: பெயர் தெரியாத மதிப்பீட்டாளருக்கு நன்றி.

அந்த மதிப்பீட்டாளர் யார்? இன்றுவரை ட்ரோஸ்டே என்னைப் பார்க்கும்போதெல்லாம் "நீர்தானே?" என்கிறார். நான் சிரிப்பேன். மொர்வானிடம் கேட்டாலும் சிரிப்பார். அவருக்குச் சத்தியமாக ஒன்றும் தெரியாது, ஆனாலும் சிரிப்பார்.

சென்ற இளவேனிலில் சொலாஞ் நோயுற்றுக் கிடந்தார். ட்ரோஸ்டே அத்தனை தூரம் ரயிலேறிப் போய்ப் பார்த்து வந்தார். "கேட்டீங்களா?" என்றேன்.

"கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"தலைவரா கேக்குறீங்களா, எழுதினவரா கேக்குறீங்களான்னாங்க. நண்பனா கேக்குறேன்னேன்."

"அதுக்கு?"

"அப்படின்னா ஒரு பிஸ்கட் எடுத்துக்குங்கன்னாங்க."

அடுத்த வாரம் அம்மையார் மறைந்தார். பெயரைச் சொல்லாமலே மறைந்தார். எனக்கு அழுகை வருகிறது, மன்னியுங்கள். ட்ரோஸ்டே, நீங்களும் கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள், எல்லோரும் பார்க்கிறார்கள்.

ஹெட்விக் அவர்களே! அந்த அம்மையார் உட்கார்ந்த நாற்காலியில் இன்று நீங்கள் உட்காருகிறீர்கள். உங்களை நியமித்த ஆட்சிக்குழுவில் நானும் ஒருவன். திங்கட்கிழமை என் கட்டுரை ஒன்று உங்கள் மேசைக்கு வருகிறது. நல்ல கட்டுரை என்றுதான் நினைக்கிறேன். அப்படியில்லை என்றால் அஞ்சாமல் திருப்பி அனுப்புங்கள். நான் தொலைபேசியில் கத்துவேன். அப்போது என்ன கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும்.

பொறுமையாய்ச் செவி தந்த உங்களுக்கும், என்னை நிறுத்தச் சொல்லி மூன்று முறை சீட்டு அனுப்பிய தலைவர் அம்மையாருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வெளியே காப்பி ஆறிக்கொண்டிருக்கிறது. டப்பாவை மூட வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். வாருங்கள், வணக்கம்!