பச்சை நிறத்தில் இரண்டு குதிரைகள்

எண் பார்த்து வண்ணம் தீட்டுவதைப் போன்ற சந்தோஷம் உலகத்தில் வேறு இல்லை, ஐயா. நீங்களும் ஒரு பெட்டி வாங்கிப் பாருங்கள். துணியில் கட்டம் கட்டமாக எண் அச்சடித்திருப்பார்கள். கூடவே அதே எண்கள் ஒட்டிய குட்டிக் குட்டி வண்ணச் சிமிழ்கள். ஏழு என்றால் ஏழு. யோசிக்க வேண்டாம், யாரையும் கேட்க வேண்டாம். கடைசிக் கட்டத்தை நிரப்பும்போது எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். நாற்பத்தெட்டு வயதில் நாற்காலியைச் சுற்றி ஆடியிருக்கிறேன்.

என் கலங்கரை விளக்கப் படத்துக்கு ஐந்து மாதம் ஆனது. ஒரு கோடுகூடத் தாண்டவில்லை. மாமனார் அதைத் தன் வீட்டுக் கூடத்தில், நுழைந்ததும் கண்ணில் படுகிற ஆணியில் மாட்டினார். அந்த வீட்டில் படம் மாட்ட அது ஒன்றுதான் ஆணி. மற்றதெல்லாம் சட்டை மாட்ட. அதன்பிறகு அங்கே போனால் செருப்பைக் கழற்றும்போதே எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும்.

இந்தப் பைத்தியத்தை என் சகலைக்குத் தொற்றவைத்ததும் நான்தான். இருவருக்கும் ஒரே ஆலை. நான் ஸ்டோர், அவர் எலெக்ட்ரீஷியன். தங்கமான மனிதர். ஆனால் சிவப்பு, பச்சை, பழுப்பு மூன்றும் அவர் கண்ணுக்கு ஒன்றுதான். தெரிந்தால் வேலை போய்விடும் என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார். அதனால் அவர் தொடவேண்டிய கம்பிகளில் நான் முன்னாலேயே போய் எண் ஒட்டிவைப்பேன். ஒன்று மின்சாரம் வருவது, இரண்டு திரும்புவது, மூன்று மோட்டாரின் உடம்பிலிருந்து தரைக்குப் போவது. ஒன்பது வருடத்தில் ஒரு பிசகு கிடையாது.

"டெஸ்டர் வெச்சு ஒருவாட்டி பாத்துக்கங்க சகலை" என்பேன்.

"நீங்க நம்பர் ஒட்டினதுக்கப்புறம் டெஸ்டர் எதுக்கு?" என்பார்.

முதல் பெட்டியைப் பிரித்தபோது கைதட்டிக் குதித்தார். இரண்டு பழுப்புக் குதிரைகள் புல் மேயும் படம். நான் விளையாட்டாக, சத்தியமாக விளையாட்டாக, பழுப்புச் சிமிழின் எண்ணையும் பச்சைச் சிமிழின் எண்ணையும் மாற்றி ஒட்டினேன். குதிரைகள் பச்சையாயின, புல் பழுப்பானது. வீடே விழுந்து விழுந்து சிரிக்கப்போகிறது என்று முதல் ஆளாகப் போய் உட்கார்ந்திருந்தேன்.

மாமனார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "குதிரைய பச்சையா நெனச்சுப் பாக்க ஒரு மனசு வேணும் மாப்பிள்ளை" என்றார்.

"நான் நம்பரப் பாத்துதான் போட்டேன் மாமா" என்றார் சகலை.

உள்ளதை உள்ளபடி சொன்னவரைத் தன்னடக்கத்தின் சிகரம் ஆக்கிவிட்டார்கள். சகலைக்கு விஷயம் புரிந்துவிட்டது. என்னைப் பார்த்துச் சிரித்தார். எண் மாறியதைச் சொன்னால் அவர் கண் விவகாரம் வெளியே வருமே, இருவருமே சொல்லவில்லை. என் கலங்கரை விளக்கம் இறங்கிச் செருப்பு அலமாரிக்குப் பின்னால் போனது. பச்சைக் குதிரைகள் ஆணியேறின.

திரும்பும் வழியில் மனைவி, "நீங்களும் சொந்தமா ஏதாவது யோசிக்கலாமில்ல" என்றாள்.

யோசித்தேன், ஐயா. திங்கட்கிழமை காலை, பம்பு மோட்டாருக்கு வரும் கம்பிகளில் ஒன்றையும் மூன்றையும் மாற்றி ஒட்டினேன். அவர் எண்ணைப் பார்த்து இணைத்தார், சுவிட்சைப் போட்டார், வழக்கம்போல மோட்டாரின் முதுகில் கையை வைத்தார். அந்தக் கையை அவர் எடுக்கவில்லை. டெஸ்டர் சட்டைப் பையிலேயே இருந்தது. கூட்டம் சேர்வதற்குள் எண்களைக் கிழித்தெடுத்துவிட்டேன்.

விபத்து என்று நீங்களே கேஸை எழுதி மூடினீர்கள். அவர் பெட்டியில் கிடைத்த பழைய கண் டாக்டர் சீட்டைப் பார்த்து, நிறம் தெரியாதவர் கம்பியை மாற்றிவிட்டார் என்றீர்கள். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். ஆனால் அவருக்கு நிறம் தெரியாது என்ற செய்தி பரவியதும் மாமனார் வீட்டில் கூட்டம் தாங்கவில்லை. நிறமே தெரியாத மனுஷனுக்கு இப்படி ஒரு கற்பனையா என்று குதிரைகள் முன்னால் நின்று உருகுகிறார்கள். கொழுந்தியாள் அதைத் தொட்டுத் தொட்டு அழுகிறாள். மாமனார் தனியாக ஒரு விளக்கே போட்டுவிட்டார்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு ஒரு மனிதன் எத்தனை நாள்தான் சும்மா இருப்பான். அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானாக வந்தேன். மோட்டார் விஷயத்தை உங்கள் இஷ்டப்படி எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். குதிரைகளைப் பச்சையாக்கியது நான் என்பதை மட்டும் முதல் வரியில், கொட்டை எழுத்தில் எழுதுங்கள். ஒரு நகலை மாமனாருக்கு அனுப்பிவையுங்கள்.