பையன் பாஸா, கம்ப்ளீட்டடா

பல்லாவரத்தில் ஏறிய கணவனும் மனைவியும் என் எதிர் சீட்டில் உட்கார்ந்தார்கள். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. ரயில் கிளம்பியதும் அந்த அம்மா ஆரம்பித்தார்.

"என்னங்க, பையனோட அப்பா பி.இ. கம்ப்ளீட்டட்னுதான் சொன்னாரு. பாஸ்னு ஒரு வாட்டி கூட வாயில வரல. கவனிச்சீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"எப்படிங்க ஒண்ணாகும்? நாலு வருஷம் காலேஜுக்குப் போய்ட்டு வந்தா கம்ப்ளீட்டட். அரியர் இல்லாம எல்லாப் பேப்பரையும் கிளியர் பண்ணாதான் பாஸ்."

"பையன்தான் வேலைக்குப் போறானே."

"அதையும் சும்மா ஐ.டி.ன்னுதான் சொன்னாங்க. எந்த வருஷம் பாஸ் பண்ணாருன்னு கேட்டேன். உடனே அவங்கம்மா கேசரி வைக்க எழுந்துட்டாங்க."

"எனக்கு ரெண்டாவது வாட்டியும் வச்சாங்க. நல்லா இருந்துச்சு."

"உங்களுக்குக் கேசரி போதும்."

"அவ்ளோ சந்தேகமா இருந்தா இப்பவே போன் போட்டு நேராக் கேட்டுடேன்."

அந்த அம்மா போனை எடுத்து எண்ணைத் தேடினார். பிறகு பேசாமல் பைக்குள் திரும்ப வைத்துவிட்டார்.

"ஏன்?"

"கேட்டா, அவங்களும் நம்ம பொண்ணைப் பத்திக் கேப்பாங்க."

"அவளைப் பத்தி நீ என்னன்னு சொல்லி வச்சிருக்க?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சானடோரியம் வந்து போனது.

"கம்ப்ளீட்டட்னு."

தாம்பரத்தில் இறங்கும்போது கூட்டத்துக்குள் அந்த அம்மாவின் குரல் மட்டும் கேட்டது.

"நவம்பர்ல அவ அந்த மேத்ஸ் பேப்பரை முடிக்கட்டும். அப்புறம் பாருங்க, நான் கேக்கறேன்."