சேர் போட்டது யார்

காலையில் நான் கல்லூரிக்குப் போகும் பஸ்ஸில், குத்துக்கல்வலசையில் ஏறிய இரண்டு லோடுமேன்கள் என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள்.

“செத்தவனுக்கே போன் போட்டுட்டேம்லே,” என்றார் மூத்தவர்.

“எதுக்கு அண்ணாச்சி?”

“பகலெல்லாம் மூட்டை தூக்கிட்டு வந்தாலும், நம்ம தெருவுல சாவுன்னா முருகன்தான் சேர் கொண்டாந்து போடுவான். நேத்து அவன் வீட்டு முன்னாலயே எல்லாரும் சும்மா நிக்குதோம். சேருக்குச் சொல்லணும்னதும் கை அவன் நம்பரத்தான் அமுக்குச்சு.”

“ஐயய்யோ! யாரு எடுத்தா?”

“அவன் மக. ‘எத்தனை சேர் வேணும் மாமா’ன்னு கேட்டா. நான் போனைக் கட் பண்ணிட்டேன்.”

“நான் வரும்போது சேரெல்லாம் கெடந்துச்சே?”

“அவளே போயி தூக்கிட்டு வந்து போட்டா.”

“நானும் அதுலதான உக்காந்தேன்,” என்றார் இளையவர்.

“எல்லாரும்தாம்லே உக்காந்தோம்.”