கதிர் இல்லாத கிளை

— ஏணியைக் கெட்டியா பிடிங்க நர்சரியம்மா. நான் விழுந்தா இந்த நூலகத்துக்கு வேற தோட்டக்காரர் தேடணும்.

— பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். வாயை மூடிட்டு வெட்டுங்க. இன்னும் கொஞ்சம் மேல... ஆங், அதுதான்.

— என்ன இவ்வளவு அவசரம்?

— ஒரு கிளை வாங்க அரை நாளான்னு அண்ணி கேக்குறாங்க.

— என்ன சொன்னீங்க?

— நம்மகிட்ட இருக்கிற நகேயா மரம், பெண் மரம். பக்கத்துல ஆண் மரம் இருந்தாத்தான் விதை பிடிக்கும். நூலகத்துல ஆண் மரம் இருக்கு, மகரந்தக் கதிரோட ஒரு கிளை வாங்கிட்டு வந்து அது மேல உதறணும்னேன்.

— நம்பினாங்களா?

— இது ஊசியிலை மரத்துக்குச் சொந்தம்னு சொன்னதையே நம்பல. இலை இம்மாம் அகலம் இருக்கேன்னாங்க. நடுநரம்பு இல்லாததைத் தடவிக் காட்டினேன். மரத்துக்கு மாப்பிள்ளை தேடுறது இருக்கட்டும், உனக்கு எப்போன்னு...

— எங்க அக்காவுக்கு உங்க அண்ணி தேவலை. வயசுதான் ஏறுது, நீ ஏணியை விட்டு இறங்க மாட்டேங்கிறியேன்னு திட்டுது.

— சரியாத்தான் சொல்றாங்க.

— ம்ம்... போன வருஷக் கிளையில தூள் நல்லா கொட்டிச்சா?

— கொட்டாம? முந்தானையெல்லாம் மஞ்சள்.

— அப்படியா...

— ஏன் இழுக்கிறீங்க?

— போன வருஷம் மரத்தை மொட்டையடிச்சிட்டாங்க. நான் கொடுத்த கிளையில ஒரு கதிர்கூட இல்ல.

— கிளையைக் கட்டக் கயிறு இருக்கா?

— கவனிக்கலையா?

— கவனிச்சேன்.

— கவனிச்சிட்டுமா வாங்கிட்டுப் போனீங்க?

— நீங்களும் தெரிஞ்சுதானே கொடுத்தீங்க?

— ஏணி ஆடுது.

— ஏணி ஆடல. உங்க கால்தான் ஆடுது. முதல்ல இறங்குங்க.

— இறங்கிட்டேன். ஒரு விஷயம் சொல்லணும்... எனக்கு மாற்றல் வந்திருக்கு. அடுத்த மாசத்துலேர்ந்து ஒரு பூங்காவுல வேலை. புதுசா வர்றவர்கிட்ட சொல்லிட்டுப் போறேன், வருஷா வருஷம் உங்களுக்குக் கிளை...

— அவர்கிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம்.

— அப்போ விதைக்கு?

— எங்க நர்சரியிலயே ஆண் மரம் இருக்கு. பெண் மரத்தை ஒட்டினாப்லயே நிக்குது. வருஷக்கணக்கா கதிர் விடுது.

— வருஷக்கணக்காவா? அப்போ இத்தனை தடவை நீங்க வந்தது...

— வெட்கத்தை விட்டே சொல்றேன், கிளைக்கு வரல. இனிமே உங்களைப் பார்க்க ஒரு சாக்குகூட இல்லைன்னு நினைச்சா தாங்கல. எந்தப் பூங்கான்னாவது சொல்லுங்க. ரொம்பத் தூரமா?

— அது வந்து...

— மழுப்பாம சொல்லுங்க.

— உங்க நர்சரிக்கு எதிர்ல இருக்கிறதுதான். மாற்றலை நானேதான் கேட்டு வாங்கினேன்.