சாதிக்காய்ப் பால்

சின்னமனூரில் தேனி பஸ் ஏறினேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள். சன்னலோரம் இருந்த இளையவள் சொன்னாள்: "இப்பல்லாம் நல்லாத் தூங்குறேன்க்கா. அதான் பயமா இருக்கு."

"தூங்குறதுக்கு என்னடி பயம்?"

"பூனை நடந்தாக்கூட முழிக்கிற ஆளு நான். பத்து நாளா எங்க வீட்டுக்காரகளே பால் காய்ச்சி, சாதிக்காய ஒரசிப் போட்டு, குடிச்சாத் தூக்கம் வரும்னு குடுக்குறாக. பன்னெண்டு வருசத்துல எனக்கு ஒரு காப்பி போட்டதில்ல."

"ஒன்னையத் தூங்க வச்சிட்டு எங்கன போறாக?"

"எனக்கும் அதே சந்தேகந்தான். நேத்து பாலைக் கொட்டிட்டு, தூங்குற மாதிரி கண்ண மூடிக் கெடந்தேன். கொஞ்ச நேரத்துல பாயையும் போனையும் எடுத்துக்கிட்டு மொட்டை மாடிக்குப் போனாக. சத்தமில்லாம நானும் பின்னாடியே போனேன்."

"யாரு கூடப் பேசுனாக?"

"பேசலக்கா. அந்தக் குளிர்ல சுருண்டு படுத்துக் குறட்டை விட்டாக. காலையில கேட்டேன். 'என் குறட்டையிலதான் நீ இத்தன வருசமாத் தூங்கலைன்னு ஒன் தங்கச்சி சொல்லித்தான் தெரிஞ்சது'ன்னாக."

"சரி, போனு எதுக்காம்?"

"அலாரம் வைக்கவாம். நான் முழிக்கிறதுக்குள்ள எறங்கி வந்து பக்கத்துல படுத்துக்குவாகளாம்."

வீரபாண்டியில் பஸ் நின்றது. மூத்தவள் கேட்டாள்: "நீ நம்புறியா?"

"நம்புறேன்."

"எதுக்கும் ஒரு கண்ணு வச்சுக்க."

"வச்சுக்குவேன்க்கா. இன்னைக்கு நானும் அவகளோட மாடியிலதான் படுக்கப் போறேன்."